மொட்டைத் தலையோடு வானிலை சொன்ன என் அண்ணி

நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வராது என்று எல்லோரும் கேலி பேசுவார்கள். அந்தக் கேலியை என்னிடம் யாரும் செய்ய முடியாது. என் அண்ணன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியம் ஒன்று உண்டென்றால், அது அண்ணியைக் கட்டிக்கொண்டதுதான். இதை அவன் எதிரிலேயே சொல்லுவேன். அவனும் மறுக்க மாட்டான்.

எங்கள் துறைமுக நகரத்தின் உள்ளூர்த் தொலைக்காட்சியில் அண்ணி வானிலை சொல்கிறார். மாலைச் செய்தி முடிகிற நேரத்தில் வந்து நிற்பார். நாளைக்கு மழை உண்டா, காற்று எந்தப் பக்கம், கடலுக்குப் போகலாமா என்று சொல்லிவிட்டுப் போவார். ஊருக்கே அவர் மழையக்கா. காய்கறிக் கடைக்குப் போனால், "மழையக்கா, நாளைக்கு வெயில் அடிக்குமா? துணி நிறைய கெடக்கு" என்று கேட்டுப் பதில் வாங்கிய பிறகுதான் கடைக்காரர் தராசைத் தொடுவார்.

அண்ணி புவியியல் படித்தவர். வானிலை மையத்திலிருந்து வரும் அறிக்கையை அப்படியே ஒப்பிப்பது அவருக்குப் பிடிக்காது. 'வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி காரணமாக' என்று தாளில் இருந்தால், "மேல காத்து சுத்திக்கிட்டு இருக்கு, நாளைக்குக் குடை இல்லாம வெளிய போகாதீங்க" என்பார். கைகள் இரண்டும் சேர்ந்து பேசும். காற்று வீசுகிற திசையைக் கை காட்டும், மேகம் திரளுவதை விரல்கள் காட்டும்.

ஆனால் உள்ளதைச் சொன்னால், நிலையத்தார் அவரை வேலைக்கு எடுத்தபோது அவர்கள் கண்ணில் முதலில் பட்டது புவியியல் அல்ல, கூந்தல். கைப்பிடிக்குள் அடங்காத பின்னல். அதை முன்பக்கம் எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றால், பின்னால் தெரிகிற வரைபடத்தில் கால்வாசிக் கடற்கரை மறைந்துபோகும். நிலையத்துக்கு வருகிற தொலைபேசிகளில் பாதி மழையைப் பற்றிக் கேட்கும். மீதி, அந்த அம்மா என்ன எண்ணெய் தேய்க்கிறார்கள் என்று கேட்கும். என் அம்மாவுக்கு இதில் தலைகால் புரியாத பெருமை. "என் மருமக முடியைப் பின்னி முடிக்கறதுக்குள்ள கை ஓஞ்சு போயிடும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிவாள். அவள் அண்ணிக்கு ஒருநாள்கூடப் பின்னிவிட்டதில்லை என்பது வேறு விஷயம்.

முதலில் கண்டுபிடித்தது மேக்கப் அக்காதான். நிலையத்தில் எல்லோருக்கும் ஒப்பனை செய்துவிடுகிறவர். ஒரு மத்தியானம் அண்ணியின் தலையை வாரிக்கொண்டிருந்தவர், சீப்பை நிறுத்திவிட்டுக் காதுக்குப் பின்னால் விரல் வைத்தார்.

"ஏம்மா, இங்க என்ன, வழவழன்னு இருக்கு?"

கைக்கண்ணாடி பிடித்துக் காட்டினார். ஒரு காசு அளவுக்கு வட்டமாக வெறும் தோல். அன்றைக்கு அதன்மேல் முடியை இழுத்துப் படிய வாரி, ஊசி குத்தி அனுப்பிவிட்டார். அண்ணியும் வழக்கம்போல வானிலை சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். எனக்கு விரல் கூசியது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "சின்னதாத்தான் இருக்கு அண்ணி" என்றேன்.

தோல் மருத்துவர் பார்த்த மாத்திரத்தில், "புழுவெட்டு" என்றார். பேரைக் கேட்டு அண்ணன் முகம் சுளித்ததைப் பார்த்து, "பேருதான் அப்படி. புழுவும் இல்ல, பூச்சியும் இல்ல. இவங்க உடம்பே இவங்க முடி வேரை எதிரின்னு நெனச்சுக்கிட்டு சண்டை போடுது" என்று விளக்கினார்.

"சமாதானம் எப்ப ஆகும் டாக்டர்?" என்று அண்ணி கேட்டார்.

"அதைத்தான் என்னால சொல்ல முடியாது. சிலருக்குத் தானா வளர்ந்துடும். சிலருக்கு வளராமலே போயிடும். ஊசி போட்டுப் பாப்போம்."

ஊசி போட்டார்கள். களிம்பு தடவினார்கள். சண்டை நிற்கவில்லை. ஒரு வட்டம் இரண்டாகி, இரண்டும் சேர்ந்து ஒன்றாகி, பின்னலின் பருமன் வாரத்துக்கு வாரம் இளைத்தது. குளியலறைத் தண்ணீர் போகாமல் தேங்கும். சீப்பைப் பார்க்கவே பயமாக இருக்கும். அண்ணன் ஒரு காரியம் செய்தான். காலையில் அண்ணி பல் தேய்க்கப் போனதும், தலையணை உறையைச் சத்தமில்லாமல் மாடிக்குக் கொண்டுபோய் உதறிவிட்டு, அதே மாதிரி திரும்பவும் மாட்டி வைத்துவிடுவான். அண்ணிக்குத் தெரியாது என்று நினைத்தான். "பாவம், தெரியாத மாதிரியே இருந்துட்டேன்" என்று அண்ணி பிறகு என்னிடம் சொன்னார்.

அண்ணன் துறைமுகத்தில் மின்வேலை பார்க்கிறவன். பேச்சு கொஞ்சம் முரடு. ஒருநாள் தெருவில் யாரோ அண்ணியைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள் என்று வீட்டுக்கு வந்து குதித்தான். "அவனுங்களுக்கு என்ன ம..." என்று ஆரம்பித்தவன், வாயில் வந்த வார்த்தை என்னவென்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு விழித்தான்.

அண்ணி அவனையே பார்த்தார். "ஏன் நிறுத்திட்டீங்க? முழுசா சொல்லுங்க. நம்ம வீட்டுல இப்ப இல்லாதது அது ஒண்ணுதானே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணனும் சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரித்துச் சிரித்து எங்கள் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. பாதியில் அது எதற்கான தண்ணீர் என்று எங்களுக்கே தெரியவில்லை.

அம்மாதான் நொறுங்கிப்போனாள். யார் கண் பட்டதோ என்று புலம்பினாள். யார் யாரோ சொன்ன தைலங்களை வாங்கி அடுக்கினாள். புருவமும் உதிரத் தொடங்கியபோது பொறுக்க மாட்டாமல், "வேலையை விட்டுடேம்மா. ஊரே பாக்குதே" என்றாள்.

"ஊரே பாக்கணும்னுதான் அத்தை என்னை அங்க நிக்க வெச்சிருக்காங்க" என்றார் அண்ணி. குரலில் கோபமில்லை. ஆனால் அதற்குமேல் பேச இடமும் இல்லை.

கடைசியில் விக் வந்தது. நல்ல விக்தான். பழைய கூந்தலைப் போலவே அடர்த்தியானது. அதற்கு நாங்கள் 'மேடம்' என்று பேர் வைத்தோம். "மேடம் குளிச்சாச்சா?", "மேடத்தை வெயில்ல வெக்காதே" என்று வீட்டில் பேச்சு நடக்கும். பேர் வைத்துச் சிரித்தோமே தவிர, அதை வைத்துக்கொண்டு வேலை செய்வது லேசாக இல்லை. ஸ்டுடியோ விளக்குகளின் சூட்டில் உள்ளே வேர்த்து அரிக்கும், சொறிய முடியாது. வானிலை சொல்கிறவருக்குப் பின்னால் இருப்பது வெறும் பச்சைத் திரை. வரைபடத்தைக் கணினியில்தான் சேர்ப்பார்கள். விக்கின் ஓரத்தில் பறக்கிற பிசிறு முடிகளைச் சுற்றிப் பச்சை நிறம் மினுங்கும். "அக்கா, தலையை ஆட்டாம சொல்லுங்க" என்று படம் சேர்க்கிற தம்பி காதுக்கருவியில் கெஞ்சுவான்.

அண்ணி ஆட்டாமல் சொன்னார். கைகளையும் அடக்கிக்கொண்டார். மரப்பாச்சி மாதிரி நின்று மழையைப் பற்றிச் சொன்னார்.

"கழுத்தைக்கூடத் திருப்ப மாட்டேங்கறீங்களே அண்ணி" என்றேன் ஒருநாள்.

"நான் திருப்பினா மேடமும் கூடத் திரும்புவாங்கன்னு என்ன நிச்சயம்?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் புயல் வந்தது. சாயங்காலம் கரையைத் தொடும், அதற்குள் தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் மேட்டுப் பக்கம் போய்விட வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். காலையில் வந்த தகவல் வேறாக இருந்தது. புயல் வேகம் பிடித்துவிட்டது, மத்தியானத்துக்குள் வந்துவிடும். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரிலிருந்து நேரலையில் சொல்ல அண்ணியை அனுப்பினார்கள். மழைக்கோட்டுப் போட்டு, தலைமுக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு கேமராமேனோடு போய் நின்றார்.

நானும் அம்மாவும் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். மின்சாரம் எப்போது போகுமோ என்று இருந்தது. திரையில் அண்ணி ஒரு கையில் மைக்கைப் பிடித்திருந்தார். மறு கையால் தலையை அழுத்திப் பிடித்திருந்தார். காற்று முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டது. விக் ஒரு பக்கமாகத் தூக்கியது. அவர் அதை இன்னும் அழுத்தினார்.

"கால்வாயோரம் இருக்கறவங்க சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காதீங்க" என்று கத்திச் சொன்னார். "தண்ணி எவ்வளவு ஏறியிருக்குன்னு காட்டறேன், இங்க பாருங்க..."

காட்டக் கை இல்லை. தலையிலிருந்து கையை எடுக்கப் பார்த்தார். காற்று உறுமியது. கை திரும்பத் தலைக்கே போனது. அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது அண்ணி ஒரு கணம் நேராகக் கேமராவைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் வீட்டிலும் அப்படித்தான் பார்ப்பார். விக்கைப் பிடித்து இழுத்தார். அது கையோடு வந்தது. சுருட்டி மழைக்கோட்டுப் பைக்குள் திணித்தார்.

"மன்னிச்சுக்குங்க, எனக்கு ரெண்டு கையும் வேணும்" என்றார்.

அம்மா, "அய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். திரை முழுக்க மொட்டைத் தலையில் மழை அடித்து வழிந்தது. அண்ணி சுவருக்குக் கீழே கையை நீட்டினார். மழையக்காவின் பழைய கை அது. அத்தனை நாள் கழித்து அன்றைக்குத்தான் பார்த்தோம்.

"அந்தச் சிவப்புக் கோடு தெரியுதா? எச்சரிக்கைக் கோடு. காலையில தண்ணி அதுக்கு ரொம்பக் கீழ இருந்துச்சு. இப்பக் கோட்டைக் காணோம், அலை இறங்கறப்பத்தான் தெரியுது. காத்து கடல்லேருந்து நேரா கால்வாய்க்குள்ள தள்ளுது, இப்படி." உள்ளங்கையால் தண்ணீரைத் தள்ளுவதுபோலக் காட்டினார். "இது உங்க வீட்டுக்குள்ள வர்றதுக்கு மத்தியானம்கூட ஆகாது. சாமானைப் பாக்காதீங்க. பிள்ளைங்களைத் தூக்கிட்டுக் கெளம்புங்க. நான் யாருன்னு சந்தேகமா இருந்தாக் குரலைக் கேளுங்க. மழையக்காதான் சொல்றேன். கெளம்புங்க!"

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார், கேமராமேன் நனைந்த கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படம் பிடிக்க.

கால்வாயோரத் தெருவில் குடியிருந்த ஒரு பெண் பிற்பாடு எங்களிடம் சொன்னார்: "எப்பவும் போக மாட்டோம். வருஷா வருஷம் இப்படித்தான் பயமுறுத்துவாங்கன்னு உக்காந்திருப்போம். அன்னிக்கு அந்தக்கா முடியையே கழட்டி வெச்சுட்டுச் சொல்றாங்கன்னதும் எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சுட்டாரு. இது வெளையாட்டு இல்லடின்னாரு." மத்தியானம் அந்தத் தெருக்களில் மார்பளவுக்குத் தண்ணீர் நின்றது. வீடுகளில் ஆள் இல்லை.

காற்று அடங்கியபின், வெளிச்சம் மங்குவதற்குள் அண்ணன் போய் அண்ணியை அழைத்து வந்தான். கதவைத் திறந்தது அம்மா. அதுவரை அம்மா அண்ணியின் வெறும் தலையை நேரில் பார்த்ததில்லை. அண்ணி எங்களுக்கு முன்னால்கூடத் தலையில் ஒரு துணி கட்டிக்கொண்டுதான் இருப்பார். மாமியாரும் மருமகளும் வாசலில் எதிரெதிரே நின்றார்கள். என்ன சொல்லப் போகிறாளோ என்று அம்மாவையே பார்த்தேன்.

அம்மா தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். "உள்ள வா. தலையில ஈரத்தோட நிக்காதே, சளி பிடிச்சுக்கும்" என்று இழுத்து உட்காரவைத்து, குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி உச்சியிலிருந்து பிடரி வரை அழுத்தித் துடைத்தாள். காதுக்குப் பின்னால் துடைத்தாள். துடைத்து முடித்தும் கையை எடுக்கவில்லை.

"முன்னெல்லாம் இது காயறதுக்குள்ள பொழுது போயிடும்" என்றாள். "இப்ப ஒரே தேய்ப்புல முடிஞ்சுது." அப்புறம்தான் அழுதாள்.

அடுத்த வாரம் நிலைய மேலாளர் அண்ணியைக் கூப்பிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. எல்லோரையும் திருப்திப்படுத்தியே பழக்கப்பட்டவர். பாராட்டிப் பேசிவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். இனிமேல் குரல் மட்டும் கொடுத்தால் போதும், திரையில் வரைபடத்தை மட்டும் காட்டிக்கொள்ளலாம் என்றார். "உங்க நல்லதுக்குத்தாம்மா. பாக்கறவங்களுக்கும் சங்கடம் பாருங்க."

அந்த அறையில் மாலைச் செய்தி வாசிக்கிற பெரியவரும் இருந்தார். ஊரே மதிக்கிற குரல். அவருக்கு நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே ஆரம்பிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அவ்வளவு வழுக்கை. அண்ணி அவர் பக்கம் கை காட்டினார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இவரு தலையில முடி இருந்து நான் பாத்ததே இல்ல. இவரை யாராவது குரல் மட்டும் குடுங்கன்னு சொன்னீங்களா?"

"அவரு விஷயம் வேறம்மா..."

"என்ன வேற? அவருக்குப் போனா அனுபவம், எனக்குப் போனா சங்கடமா?"

மேலாளர் பேனாவை மூடித் திறந்தார். பெரியவர் தன் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். "நியாயத்தைத்தான் கேக்கறாங்க" என்றார், செய்தி வாசிக்கிற அதே கனத்த குரலில். "வழுக்கைக்கு ஒரே சட்டமா இருக்கட்டும். இவங்களை மறைக்கணும்னா என்னையும் மறைச்சிடுங்க. ரெண்டு பேரும் குரல் குடுக்கறோம், நீங்க மேசையைக் காட்டுங்க."

காலி மேசையை ஊர் பார்க்கிற காட்சியை மேலாளர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். சிரித்துவிட்டார். "கொஞ்ச நாள் பாப்போம்" என்றார். அது போதுமாக இருந்தது.

விக் இல்லாத முதல் நாள் சாயங்காலம் மேக்கப் அக்காவுக்குப் புதுப் பிரச்சினை. தலையில் விளக்கு பட்டுக் கண்ணைப் பறித்தது. முகத்துக்குப் போடுகிற மாவை உச்சந்தலை வரைக்கும் ஒற்றி ஒற்றிப் பளபளப்பைக் கொன்றார். புருவத்தை நிதானமாக வரைந்தார். அண்ணி பச்சைத் திரைக்கு முன்னால் போய் நின்றதும், படம் சேர்க்கிற தம்பி காதுக்கருவியில் கூவினான்: "அக்கா, ஓரமெல்லாம் கத்தரிச்சு எடுத்த மாதிரி வந்திருக்கு! இப்ப எவ்வளவு வேணும்னாலும் ஆட்டுங்க!"

அண்ணி ஆட்டினார். கழுத்தைத் திருப்பினார், கைகளை வீசினார், மலைப்பக்கம் மேகம் ஏறுவதை விரல்களால் ஏற்றிக் காட்டினார். வீட்டில் நாங்கள் மூன்று பேரும் கண் எடுக்காமல் பார்த்தோம். முடிந்ததும் அண்ணன், "நாளைக்கு மழையா இல்லையா? என்ன சொன்னா?" என்றான். எங்களில் யாருமே கவனிக்கவில்லை.

நிலையத்துக்குத் தொலைபேசிகள் வந்தன. சாப்பிடுகிற நேரத்தில் இதெல்லாம் தேவையா என்று ஒருவர் கேட்டார். உடம்புக்கு என்ன, ஆபத்தில்லையே என்று பலர் விசாரித்தார்கள். ஒரு பெண், எனக்கும் இப்படித்தான், பல நாளாகக் கண்ணாடி பார்ப்பதில்லை, இன்றைக்குப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். நாளாக ஆக, வருகிற அழைப்புகள் பழையபடி ஆகிவிட்டன. மொட்டை மாடியில் கான்கிரீட் போடலாமா, படகை எடுக்கலாமா, மகன் பள்ளிக்கூட விளையாட்டு விழா நனையுமா. என்ன எண்ணெய் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அண்ணிக்கு எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தது என்று சொல்ல மாட்டேன். சில காலைகளில் என் பின்னலைக் கையில் வாங்கி, "இன்னிக்கு நான் போட்டுவிடறேனே" என்பார். பின்னி முடித்த பிறகும் நுனியைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். நானும் எழுந்திருக்க மாட்டேன். ஒருமுறை அங்கங்கே திட்டுத் திட்டாக, பஞ்சு மாதிரி வெள்ளை முடி முளைத்தது. அம்மா ஆசைப்பட்டாள். அண்ணி சில நாள் பார்த்துவிட்டு, "இப்படி ரெண்டுங்கெட்டானா இருக்கறதுக்கு மொட்டையே தேவலை" என்று மழித்துக்கொண்டார்.

இப்போது நிலையத்தின் வானிலைப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. போன மாதம் பேருந்து நிலையத்துக்கு எதிரில் அவர் படத்தைப் பெரிய பலகையில் வைத்தார்கள். கைகளை விரித்து, மொட்டைத் தலை நிமிர்ந்து, பின்னால் கருமேகம். அதைப் பார்க்க வேண்டும் என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் பூட்டுக் கடை வைத்திருக்கிற ஒருவர், "என்னம்மா, இவ்வளவு நேரமா பாக்கறீங்க?" என்றார்.

"என் மருமக" என்றாள் அம்மா.

"அட, மழையக்கா மாமியாரா நீங்க! சொல்லி வைங்கம்மா அவங்ககிட்ட. நேத்து மழை வரும்னாங்க, கடையைச் சீக்கிரமா மூடிட்டுப் போனேன். ஒரு சொட்டு விழல."

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். என் மருமக சொல்லிட்டா இல்ல? வராம எங்க போயிடப் போகுது?"

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. பூட்டுக் கடைக்காரர் மேலே பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று வெளியில் தொங்கவிட்டிருந்த சாவிக் கொத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைக்க ஆரம்பித்தார்.